டீக்கு முன்னாடியா, பின்னாடியா?

இதைப் படிக்கிறதுக்கு நடுவுல உங்க பேக்கோட முன் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து பாருங்க. பழைய பஸ் டிக்கெட், மூடி தொலைஞ்ச பேனா, எலக்ட்ரானிக்ஸ் லேப்ல இருந்து தெரியாம வந்துட்ட ரெண்டு ரெசிஸ்டர், இதுங்களுக்கு நடுவுல பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒண்ணு கிடக்கும். பேர் அச்சடிச்ச பக்கம் கிழிஞ்சிருக்கும். யார் வாங்கினது, எதுக்கு வாங்கினது, யாருக்கும் ஞாபகம் இருக்காது. "வலி மாத்திரை" என்பதோடு அதோட வரலாறு முடிஞ்சிரும். தலைவலியா, அதுதான். கிரவுண்டுல கால் பிசகிடுச்சா, அதுதான். கடவாய்ப்பல்லா, அதுவும் அதுதான். எதோட முழுங்குவோம்? தண்ணி பாட்டில் காலியா இருக்கும். கேட்டுக்கு எதிர்ல டீக்கடை இருக்கும்.

எனக்கு 20 வயசு. மெக்கானிக்கல், மூணாவது வருஷம். 14 மாசமா தினமும் அந்த ரக மாத்திரையைச் சாப்பிட்டுட்டு வர்றேன். ஹாஸ்டல்ல இது ஊரறிஞ்ச சேதி. அதனால எங்க ஃப்ளோர்ல யாருக்கு எங்க வலிச்சாலும் கேள்வி என் கதவைத்தான் தட்டும். "மச்சான், இதை டீயோட போடலாமா?" "டீ குடிச்சா மருந்து முறிஞ்சிடும்னு எங்க ஆயா சொல்லும், நிஜமாடா?" "போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு டீ குடிக்கலாம்?" ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது. அதுக்கும் ஒரு மாத்திரை போட முடியாதுங்கிறதால மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

நான் டாக்டர் இல்ல. என்னைப் பார்க்கிற டாக்டர்கிட்ட கேட்டது, மாத்திரை டப்பாவுக்குள்ள எட்டா மடிச்சு வெச்சிருக்கிற பொடி எழுத்துத் தாளைப் படிச்சது, லைப்ரரியில நம்ம டிபார்ட்மென்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாத அலமாரியில நின்னு புரட்டினது, எல்லாம் சேர்ந்ததுதான் இது.

முதல்ல நான் ஏன் தினமும் போடுறேன்னு சொல்லிடுறேன். ரெண்டாவது வருஷ ஆரம்பத்துல இருந்து இடுப்புக்குக் கீழ வலி. ஒரு வாரம் இடது பக்கம், அடுத்த வாரம் வலது பக்கம். விடியக்காலம் மூணு, நாலு மணிக்கு வலியிலேயே முழிப்பு தட்டும். எழுந்தா முதுகு பலகை மாதிரி இருக்கும், குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட முடியாது. ஆனா ஒரு மணி நேரம் நடந்தா கழண்டு வந்துடும். சாயங்காலம் வாலிபால் ஆடும்போது ஒண்ணுமே தெரியாது. பாக்கிறவங்க எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க: லேப்டாப்பைக் குனிஞ்சு பார்க்கிறே, கட்டில் சரியில்ல, மெத்தையை மாத்து, வண்டியில சாய்ஞ்சு ஓட்டு. கடைசியா ஒரு எலும்பு டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி, ரத்தத்துல எச்.எல்.ஏ.-பி27 பார்க்கச் சொல்லி, வாத நோய் நிபுணர்கிட்ட அனுப்பி வெச்சார். நோயோட பேர் ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். வைவாவுல கேட்டா தப்பிக்கவே முடியாத பேர். உடம்போட காவல் படை, வெளியில இருந்து வர்ற கிருமியை விட்டுட்டு நம்ம முதுகெலும்பு மூட்டுகளையே அடிக்கிறதுதான் நோய். கவனிக்காம விட்டா வருஷம் போகப்போக எலும்புகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி முதுகு இறுகிப் போகலாம். வயசானவங்க வியாதின்னு நினைக்காதீங்க, பெரும்பாலும் இருபதுகள்லயும் முப்பதுகள்லயும்தான் ஆரம்பிக்கும்.

இந்த நோய்க்கு முதல் கட்ட மருந்தே வலி மாத்திரைதான். நாப்ராக்சன் 500 மில்லிகிராம், காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, கூடவே தினமும் உடற்பயிற்சி. முதல் பத்து நாள்லயே வித்தியாசம் தெரிஞ்சது. பல மாசத்துக்கப்புறம் ஒரு ராத்திரி முழுசாத் தூங்கினேன். சந்தோஷமா வீட்டுக்கு போன் பண்ணிச் சொன்னா, அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க.

"உங்க அமுச்சி பட்டது போதாதா சாமி? அந்த மாத்திரையா? அதுவும் தெனமுமா?"

அமுச்சி அம்மாவோட அம்மா. கோபி பக்கம் கிராமம். முட்டிவலி. விடியக்காலம் அஞ்சு மணிக்கு எழுந்து அடுப்புல டீ வெச்சு, அந்த டீயோட மூணு மாத்திரையைப் போட்டுக்கும். அது டாக்டர் எழுதிக் கொடுத்தது இல்ல. "முட்டிவலிக்கு ஒரு பத்து நாளைக்குக் கொடுங்க"ன்னு கேட்டா, அட்டையை வெட்டி வெட்டி, சின்னச் சின்னக் காகிதக் கவர்ல போட்டுக் கொடுப்பாங்களே, அந்த செட் மாத்திரை. நம்ம ஊர்கள்ல இது எவ்வளவு சாதாரணம்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு வருஷம் அப்படியே ஓடுச்சு. நான் பிளஸ் டூ படிக்கும்போது ஒரு நாள் காலையில தலை சுத்தி வாசல்லயே சாய்ஞ்சிடுச்சு. நாலு நாளா மலம் தார் மாதிரி கறுப்பாப் போயிட்டு இருந்ததை யார்கிட்டயும் சொல்லல. இதையெல்லாம் யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னு கூச்சம். ஆஸ்பத்திரியில பார்த்தா ஹீமோகுளோபின் 6. எண்டோஸ்கோபியில குடலோட ஆரம்பத்துல புண், அதுல இருந்து ரத்தக் கசிவு. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க.

அந்தக் காகிதக் கவரைக் கொண்டு வரச் சொல்லிப் பார்த்த டாக்டர், ஒண்ணு டைக்ளோஃபினாக், அந்தப் பொடி வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டுன்னு சொன்னார். ரெண்டும் சேர்ந்தா வயித்துப்புண் வர்ற வாய்ப்பு தனித்தனியா இருக்கிறதைவிடப் பல மடங்கு கூடும். ஆனா வீட்டுல மனசுல நின்னது ஸ்டீராய்டு இல்ல, கவர் இல்ல, ரெண்டு வருஷம் இல்ல. "டீயோட மாத்திரை போட்டுச்சு, அதான்." அக்கம்பக்கத்துலயும் அதுவே தீர்ப்பு. அதனால எனக்கு அம்மா போட்ட நிபந்தனை: "ஒண்ணு மாத்திரையை விடு, இல்லாட்டி டீயை விடு."

மாத்திரையை விட்டா காலையில படுக்கையில இருந்து எழ முடியாது. டீயை விடலாம்தான். ஆனா உண்மையிலேயே குத்தவாளி டீயா இல்லையான்னு தெரியாம எதுக்கு விடணும்? இன்ஜினியரிங் படிச்சுட்டு ஃபால்ட் எங்கன்னு பார்க்காம பார்ட்டை மாத்துறது நியாயமா சொல்லுங்க.

இப்ப மாத்திரை எப்படி வேலை செய்யுதுன்னு பாப்போம். உடம்புல எங்கயாவது அடிபட்டாலோ, மூட்டு வீங்கினாலோ, அங்க புரோஸ்டாகிளாண்டின்கிற வேதிப்பொருள் உற்பத்தியாகும். வீக்கம், சூடு, சிவப்பு, வலி எல்லாத்துலயும் அதுக்குப் பங்கு உண்டு. இதைத்தான் அழற்சின்னு சொல்றோம். அதை உண்டாக்குற நொதிக்குச் சுருக்கமா காக்ஸ்னு பேர். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சன், மெஃபனாமிக் ஆசிட், ஆஸ்பிரின் எல்லாமே அந்தக் காக்ஸைப் பூட்டுற ஆளுங்கதான். இதைக் கண்டுபிடிச்சுச் சொன்னவர் ஜான் வேன்கிற இங்கிலாந்து விஞ்ஞானி, 1971ல. அதுக்காக 1982ல நோபல் பரிசை இன்னும் ரெண்டு பேரோட பகிர்ந்துகிட்டார். ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்தது 1899ல. அதாவது 70 வருஷத்துக்கு மேல டேட்டாஷீட் இல்லாமலேயே ஓடின பிராடக்ட்.

சிக்கல் என்னன்னா, இந்தப் புரோஸ்டாகிளாண்டினுக்கு இன்னொரு டூட்டியும் இருக்கு. இரைப்பையில ஊறுறது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது இரைப்பையையே அரிக்காம இருக்க, உள்சுவர் மேல ஒரு வழவழப்பான படலமும் அமிலத்தைச் சமன் செய்யிற பைகார்பனேட்டும் எப்பவும் சுரந்துகிட்டே இருக்கணும். அந்தச் சுரப்புக்கு உத்தரவு கொடுக்கிறது இதே புரோஸ்டாகிளாண்டின்தான். ஒரே மெயின் சுவிட்சுல ரெண்டு ரூமுக்கு லைன் போயிருக்குன்னு வெச்சுக்கோங்க. முட்டியில எரியிற லைட்டை அணைக்கப் போய், வயித்துல ஓடுற ஃபேனையும் சேர்த்து நிறுத்திடுறோம்.

மாத்திரை இரைப்பையில நேராப் பட்டு உறுத்துறதும் உண்டு. ஆனா பெரிய சேதம் ரத்தத்துல கலந்த பிறகு, உள்ளே இருந்து வருது. அதனாலதான் "எனக்கு ஊசியாப் போட்டுடுங்க, வயித்துக்கு ஒண்ணும் ஆகாது"ங்கிற கணக்கு தப்பு. ஊசியில போனாலும் ரத்தம் வழியா அதே இரைப்பைச் சுவருக்குத்தான் போய்ச் சேரும். குடல்ல போய்க் கரையிற மாதிரி மேல்பூச்சு போட்ட டைக்ளோஃபினாக்கும் அப்படித்தான். சாப்பிட்டுட்டுப் போட்டா உறுத்தலும் எரிச்சலும் குறையும், அதனால சாப்பிட்டுட்டே போடுங்க. ஆனா நாலு இட்லி சாப்பிட்டுட்டேன், இனி புண்ணே வராதுன்னு நினைச்சா இட்லியை நாம ரொம்ப நம்புறோம்னு அர்த்தம்.

சரி, டீ எங்க வருது?

மருந்து முறியுமாங்கிறதை முதல்ல முடிச்சுடலாம். முறியாது. டீயில இருக்கிற கஃபீன் வலி மாத்திரையைக் கெடுக்கிறது இல்ல, சொல்லப்போனா கொஞ்சம் கை கொடுக்குது. சாரிடான் அட்டையைத் திருப்பிப் பாருங்க, உள்ளே பாரசிட்டமாலோட கஃபீனும் இருக்கும், வேணும்னே சேர்த்தது. வலி மாத்திரையோட 100 மில்லிகிராம் அல்லது அதுக்கு மேல கஃபீன் சேர்ந்தா நல்ல நிவாரணம் கிடைக்கிறவங்க எண்ணிக்கை கொஞ்சம் கூடுதுன்னு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவங்க சொல்லியிருக்காங்க. ஒரு பெரிய கப் டீயில 40, 50 மில்லிகிராம்தான் இருக்கும். நம்ம கடை கிளாஸ் அதைவிடச் சின்னது. அதனால "டீ குடிச்சாலே தலைவலி போயிடும்"னு சொல்றதையும் பெரிசா எடுத்துக்க வேண்டாம். தினமும் குடிக்கிறவனுக்கு டீ இல்லாததாலேயே தலைவலி வரும், குடிச்சா போகும். அது வேற கணக்கு.

ஆனா டீ அமிலச் சுரப்பைத் தூண்டும். பாலும் தூண்டும், "பால் குடிச்சா வயித்துக்கு இதம்"னு நம்ம வீடுகள்ல சொல்றது கொஞ்ச நேரத்துக்குத்தான். ஃபேன் நின்ன ரூம்ல அடுப்பையும் பத்த வெச்ச மாதிரி. ஏற்கெனவே புண் இருந்தா டீ பட்டதும் காந்தும். டீயே புண்ணை உண்டாக்குதான்னா அப்படிச் சொல்ல முடியாது. புண்ணுக்கு ரெண்டு பெரிய காரணங்கள்: ஒண்ணு இந்த மாத்திரைகள், இன்னொண்ணு ஹெலிகோபேக்டர் பைலோரிங்கிற பாக்டீரியா. அமிலத்துல எந்தக் கிருமியும் பிழைக்காதுன்னு எல்லாரும் சொல்லிட்டு இருந்த காலத்துல, ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984ல அந்தக் கிருமியைத் தானே குடிச்சு, வயித்து அழற்சி வரவெச்சுக் காட்டினார். 2005ல அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல். நம்ம நாட்டுல இந்தக் கிருமி வயித்துல இருக்கிறவங்க ஏராளம், பெரும்பாலானவங்களுக்கு இருக்கிறதே தெரியாது. கிருமியும் இருந்து மாத்திரையும் போட்டா ஆபத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். மாஸ்டர் போடுற ஸ்ட்ராங் டீ இந்த வரிசையில ரொம்பப் பின்னாடி நிக்கிற ஆள்.

டீயோட நிஜமான குறும்பு வேற இடத்துல இருக்கு. நாம காலையில டீ குடிக்கிறதே டிபனுக்குப் பதிலாத்தான். எட்டே முக்கால் வகுப்புக்கு எட்டரைக்கு எழுந்தா மெஸ் மூடியிருக்கும், டீக்கடை திறந்திருக்கும். ஒரு டீ குடிச்சா பசி அடங்கிடும், "சாப்பிட்ட பிறகு போடவும்"னு எழுதின மாத்திரை அந்த டீ மேல போய் விழும். இதைத்தான் என் டாக்டர் ஒரே வரியில சொன்னார்: "டீ குடிப்பா, ஆனா டீயை டிபன் கணக்குல எழுதாத."

இன்னொண்ணு, முழுங்குற விதம். சூடான டீயை யாரும் மடமடன்னு ஒரு டம்ளர் குடிக்க முடியாது. ஒரு வாய் உறிஞ்சி மாத்திரையை அனுப்புவோம். அது உணவுக்குழாய்லயே ஒட்டிக்க வாய்ப்பு உண்டு. கேப்சூலா இருந்தா இன்னும் மோசம், அதோட ஓடு ஜெலட்டின், சூட்டுல இளகிப் பசை மாதிரி ஆகும். ஒட்டின இடத்துலயே மருந்து கரைஞ்சா அங்க புண்ணாகி, ரெண்டு நாள் எச்சில் முழுங்கக்கூட நெஞ்சு வலிக்கும். ஒரு முழு டம்ளர் சாதாரணத் தண்ணியில போட்டுட்டு, அரை மணி நேரமாவது படுக்காம இருந்தா இந்தத் தொல்லை இல்ல. முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுறவங்களும் இதைக் குறிச்சுக்கோங்க, இந்த விஷயத்துல அது பேர் போனது.

டீயோட உண்மையாவே சண்டை போடுற மாத்திரைகள் இருக்கு. இரும்புச்சத்து மாத்திரை. தைராய்டு மாத்திரை. சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி சில ஆன்டிபயாட்டிக், அதுக்குப் பால்தான் எதிரி. அமுச்சி கதையில அம்மாவுக்குத் தெரியாத பாதி இதுலதான் இருந்துச்சு. ரத்தம் ஏத்தி வீட்டுக்கு அனுப்பினப்போ, ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாங்க. அமுச்சி பழைய பழக்கத்துல அதையும் அஞ்சு மணி டீயோட போட்டுச்சு. டீயில இருக்கிற டானின் இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கும், குடல் உறிஞ்சாது. ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தா ஹீமோகுளோபின் ஏற வேண்டிய அளவு ஏறவே இல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸக்கா ஒருத்தங்கதான் கேட்டாங்க, "பாட்டி, எதுல போடுறீங்க?" அன்னையில இருந்து மாத்திரைக்கு எலுமிச்சம்பழச் சாறு, டீ ரெண்டு மணி நேரம் தள்ளி. அதுக்கப்புறம் ஏறுச்சு. ஆக, எங்க வீட்டுல டீ குத்தம் பண்ணுச்சு, ஆனா தண்டனை கிடைச்சது பண்ணாத குத்தத்துக்கு.

இது பொண்ணுங்களுக்கு ரொம்ப முக்கியம். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுறவங்க லேடீஸ் ஹாஸ்டல்ல எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும். மாதவிடாய் வலிக்கு நீங்க போடுற மெஃபனாமிக் ஆசிடும் இந்த வலி மாத்திரைக் குடும்பம்தான். கர்ப்பப்பை இறுகி வலிக்கிறதுக்குக் காரணமே புரோஸ்டாகிளாண்டின், அதனால அந்த மாத்திரை நல்லாவே கேக்கும். ரெண்டு நாள், மூணு நாள் போடுறதுக்குப் பயப்பட வேண்டியதில்ல. "பொறுத்துக்கோ, மாத்திரை போட்டா பின்னாடி குழந்தை பிறக்காது"ன்னு மிரட்டுற அத்தைங்களை நம்பாதீங்க. ஆனா அன்னைக்குச் சாப்பாடே இறங்காம டீயும் பிஸ்கட்டும் மட்டும்தான் ஓடும்னு என் கிளாஸ் பொண்ணுங்க சொல்றாங்க. ரெண்டு வாய் தயிர் சாதமாவது உள்ளே போன பிறகு மாத்திரையைப் போடுங்க. மாசாமாசம் நாலு அஞ்சு நாள் மாத்திரை இல்லாம நகரவே முடியலைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க, வலிக்குக் காரணம் வேற ஏதாவது இருக்கலாம்.

பசங்களுக்கு வேற வியாதி: பேரைப் பார்க்காம ரெண்டைச் சேர்க்கிறது. போன சிம்போசியம் நேரத்துல என் நண்பன் ஒருத்தன் மணிக்கட்டு வலிக்கு அசிக்ளோஃபினாக்கும் பாரசிட்டமாலும் கலந்த மாத்திரை போட்டுட்டு இருந்தான். நடுவுல காய்ச்சல் வர, இன்னொரு ரூம்ல வாங்கி ஐபுப்ரோஃபெனும் பாரசிட்டமாலும் கலந்ததை அது மேல போட்டான். அட்டை வேற, கலர் வேற, அதனால மருந்தும் வேறன்னு நினைச்சுட்டான். உள்ளே ரெண்டு வலி மாத்திரை, இரட்டைப் பங்கு பாரசிட்டமால். மூணு நாள் வயித்தைப் பிடிச்சுட்டுக் கிடந்தான், நல்ல வேளையா அதோட போச்சு. அட்டையோட பின்பக்கம் பெரிய எழுத்துல இருக்கிறது கம்பெனி வெச்ச பேர், அதுக்குப் பக்கத்துல பொடி எழுத்துல இருக்கிறதுதான் மருந்து. கூடவே சனிக்கிழமை ராத்திரி சமாச்சாரத்தையும் சேர்த்துச் சொல்லிடுறேன். சாராயமும் இந்த மாத்திரையும் சேர்ந்தா வயித்துல ரத்தக் கசிவு வர வாய்ப்பு கூடும். "ஹேங்ஓவர் தலைவலி"க்கு ஐபுப்ரோஃபென் தேடுற அண்ணன்களுக்கு இதுக்கு மேல சொல்ல மாட்டேன்.

மழைக்காலத்துல இன்னும் ஒண்ணு. காய்ச்சல், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலின்னா, டெங்கு இல்லைன்னு தெரியிற வரைக்கும் இந்தக் குடும்பத்து மாத்திரை எதையும் தொடாதீங்க. டெங்குல ரத்தத் தட்டணுக்கள் குறையும், இந்த மாத்திரைகள் ரத்தக் கசிவுக்கு வழி திறந்து விடும். பாரசிட்டமால் மட்டும், அளவோட. டீ குடிங்க, கஞ்சி குடிங்க, இளநி குடிங்க.

சிறுநீரகத்துக்கும் இதுல பங்கு உண்டு. உடம்புல தண்ணி குறைஞ்சிருக்கிற நேரத்துல சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் காப்பாத்துறதும் புரோஸ்டாகிளாண்டின்தான். மே மாச வெயில்ல மேட்ச் ஆடி வேர்த்து ஊத்தி, தண்ணி குடிக்காம, மாத்திரை மட்டும் போட்டா அடி அங்க விழும். இந்த மருந்துகள் எவ்வளவு சாதுன்னு கழுகுங்ககிட்ட கேக்கணும். மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ன பிணந்தின்னிக் கழுகுகளோட சிறுநீரகத்தை முடிச்சு, இந்தியத் துணைக்கண்டத்துல அந்த இனங்களையே அழிவோட விளிம்புக்குத் தள்ளிடுச்சு. 2006ல கால்நடைகளுக்கு அதைத் தடை பண்ணினாங்க. நம்ம பக்கம் மோயாறு பள்ளத்தாக்குல மிச்சம் இருக்கிறதைப் பார்த்தா எனக்கு ஏதோ சொந்தக்காரங்களைப் பார்த்த மாதிரி இருக்கும். பயப்படாதீங்க, மனுஷ உடம்பு அந்த அளவுக்கு மோசம் இல்ல. ஆனாலும் மூணு மாசத்துக்கு ஒருமுறை எனக்குக் கிரியாட்டினினும் ஹீமோகுளோபினும் பார்க்கிறாங்க.

என் நாள் எப்படிப் போகுதுன்னு கேட்பீங்க. காலையில எழுந்ததும் தண்ணியோட கேஸ் மாத்திரை, அதாவது பான்டோப்ரசோல். அமிலச் சுரப்பையே குறைக்கிறது அதோட வேலை. தினமும் வலி மாத்திரை போட வேண்டியவங்களுக்கு அதையும் சேர்த்துத் தர்றதுக்குக் காரணம் இதுதான். அதுக்கப்புறம் இருபது நிமிஷம் முதுகு வளைக்கிற பயிற்சி, ரூம்மேட் வீடியோ எடுத்து குரூப்ல போடாம இருந்தா நிம்மதியா. மெஸ்ல டிபன், ஒரு டம்ளர் தண்ணியோட நாப்ராக்சன். அப்புறம் டீ. டீயை நான் விடல, ஆறு கிளாஸ் மூணாச்சு, வெறும் வயித்து டீ நின்னுச்சு. அம்மாகிட்ட அந்த நர்ஸக்கா விஷயத்தைச் சொல்லி, அமுச்சிக்குப் புண் வந்தது டீயால இல்லைன்னு விளக்கினேன். "நீ படிச்சவன், சொல்லுவே"ன்னாங்க. பாதி நம்பினாங்கன்னு நினைக்கிறேன். போன மாசம் டாக்டர், வலி கட்டுக்குள்ள இருக்கிறதால ராத்திரி மாத்திரையை நிறுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கார். அது அம்மாவுக்கு நான் சொன்ன எல்லா விஞ்ஞானத்தைவிடவும் பெரிய ஆறுதல்.

அமுச்சி இப்பவும் அஞ்சு மணிக்கு டீ வெக்கும். செட் மாத்திரை இல்ல. முட்டிக்குத் தைலம், கால் நீட்டி மடக்குற பயிற்சி, தாங்காத அன்னைக்குப் பாரசிட்டமால். அது வயித்தை இந்த அளவுக்குப் படுத்தாது, ஆனா அளவு மீறினா கல்லீரலைப் படுத்தும், அதனால அதுலயும் கணக்கு உண்டு.

ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அடையாளங்களையும் சொல்லிடுறேன். மலம் தார் மாதிரி கறுப்பா, ஒட்டுற மாதிரி, கெட்ட நாத்தத்தோட போறது. இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாப் போகும், ஆனா சந்தேகம் வந்தா நீங்களே முடிவு பண்ணாதீங்க. வாந்தி காபித் தூளைக் கரைச்ச மாதிரி வர்றது, அது காபி இல்ல, அமிலம் பட்ட ரத்தம். எழுந்தா தலை சுத்தி மயக்கம் வர்றது. இதுல எதுவா இருந்தாலும் கூச்சப்படாம அன்னைக்கே சொல்லுங்க. புண் சில சமயம் வலிக்கவே வலிக்காது, நீங்க போடுற வலி மாத்திரையே அந்த வலியையும் மூடி வெச்சிருக்கலாம்.

கடைசியா, மூணு மாசத்துக்கு மேல இடுப்புவலி, காலையில அரை மணி நேரத்துக்கு மேல இறுக்கம், படுத்தா கூடுது நடந்தா குறையுதுன்னு யாராவது இருந்தீங்கன்னா லேப்டாப்பையும் மெத்தையையும் திட்டிட்டு மாத்திரை அட்டையைத் தேடாதீங்க. இதோட ஒரு கண் மட்டும் சிவந்து வலிச்சு வெளிச்சம் பார்க்க முடியலைன்னா இன்னும் சீக்கிரம் போங்க. வாத நோய் டாக்டரைத்தான் பார்க்கணும். தனியார்ல பார்க்க வசதி இல்லைன்னா, சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில இதுக்குன்னே தனித் துறை இருக்கு. தனியாப் போகச் சங்கடமா இருந்தா என் ரூமுக்கு வாங்க, கூட வர்றேன். டீ நீங்க வாங்கிக் கொடுங்க, அன்னைக்கு என் கணக்குல மூணாவது கிளாஸ் மிச்சம் இருந்தா.